முதலில் உடம்பு, பிறகு வண்ணம்

அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையாரை இங்கே வருகின்ற நண்பர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. புறநானூற்றின் 95ஆம் பாடலில் அவர் இரண்டு படைக்கலக் கூடங்களை ஒப்பிடுகிறார். ஒன்றில் கருவிகள் அலங்காரத்தோடு பாதுகாக்கப்படுகின்றன. மற்றொன்றில் அவை பழுதுபட்டுக் கொல்லனிடம் கிடக்கின்றன. புகழ்வதுபோலப் பழிப்பதற்கு எடுத்துக்காட்டாக நம்மில் பலர் பள்ளியிலேயே படித்த பாடல் அது. அழகு செய்யப்பட்ட கருவி உழைக்காத கருவி என்ற முடிவை எடுத்துக்கொண்டு நாம் அதைக் கடந்து வந்துவிட்டோம்.

அந்த முடிவில் பாதிதான் உண்மை என்று எங்களுக்கு இப்போது தோன்றுகிறது. அப்படித் தோன்றச் செய்தது எந்த இலக்கிய விவாதமும் அன்று. ஒரு துப்பாக்கிக் கட்டை.

துப்பாக்கி என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். நாங்கள் பேசுவது இலக்குச் சுடுதல் என்னும் விளையாட்டைப் பற்றி. அதிலும் 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கியைப் பற்றி. 4.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிறிய ஈயக்குண்டு அழுத்தப்பட்ட காற்றினால் தள்ளப்பட்டுப் பத்து மீட்டர் தொலைவிலுள்ள அட்டையைத் துளைக்கிறது. அட்டையின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர் விட்டமுடையது. அச்சிட்ட நூலில் மெய்யெழுத்தின் தலையில் இருக்குமே, ஏறக்குறைய அந்தப் புள்ளி. இதை நின்றபடி அறுபது முறை செய்யவேண்டும். கருவியின் எடை 5.5 கிலோவுக்கு மேற்படலாகாது. 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றதும், 2012இல் லண்டனில் சென்னையில் பிறந்த ககன் நரங் வெண்கலம் வென்றதும் இந்தப் போட்டியில்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்றதும் இதே பிரிவில்தான்.

இந்தத் துப்பாக்கியில் இரும்பாலான இயங்குபகுதியையும் குழலையும் தாங்கி நிற்கும் மரப்பகுதியைத்தான் கட்டை என்கிறோம். சுடுபவரின் தோள், கன்னம், இரு கைகள் ஆகிய நான்கும் தொடுவது இதைத்தான். இரும்புப் பகுதி தொழிற்சாலையில் பிறந்தபடியே இருக்கலாம். கட்டை அவ்வாறு இருக்கலாகாது என்பதே எங்கள் கட்சி.

* * *

எங்கள் அக்காள் மகளுக்கு அப்போது பதினாறு வயது. குடும்பத்தில் நாலு பேர் சேர்ந்து பணம் போட்டு, ஜெர்மனியில் செய்யப்பட்ட பழைய காற்றுத் துப்பாக்கி ஒன்றை அவளுக்கு வாங்கிக் கொடுத்தோம். பீச் மரக் கட்டை. முன்பு வைத்திருந்தவர் ஆறடி உயரமுள்ள ஆண். இவள் ஐந்தடியைத் தாண்டி இரண்டு அங்குலம். வாங்கிய அன்றே பயிற்சியாளர் எங்களை அழைத்து, "கட்டையில் கை வைத்துவிடாதீர்கள், பிறகு விற்கும்போது விலை போகாது" என்றார். நாங்களும் தலையாட்டினோம்.

ஓராண்டு கழிந்தது. புள்ளிகள் ஏறவில்லை. வலது மணிக்கட்டில் வலி, மாலையில் கழுத்துப் பிடிப்பு. கேட்டால், "மனம் ஒருமைப்படவில்லை" என்ற விடைதான் பயிற்சியிடத்தில் கிடைத்தது. ஒருநாள் அவளே எங்களிடம் சொன்னாள்: "மாமா, எனக்குக் கழுத்து குட்டை. அதனாலதான் வரமாட்டேங்குது. இதுக்குன்னு பிறந்தவங்க வேற."

பதினாறு வயதுப் பெண் தன் கழுத்தைக் குற்றவாளியாக்கித் தீர்ப்பும் எழுதிவிட்டாள். கருவி பிழையாக இருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. எங்களுக்கும் தோன்றவில்லை என்பதுதான் வெட்கத்துக்குரியது. அவளுக்கு உற்சாகமூட்ட வேண்டும் என்று மட்டும் நினைத்தோம். பழுப்பேறிக் கிடந்த அந்தக் கட்டைக்கு அவளுக்குப் பிடித்த நீலத்தைப் பூசிப் பிறந்தநாள் பரிசாகக் கொடுப்பதென முடிவு செய்தோம்.

சென்னையில் கார்த்திகை மாதம். மொட்டைமாடி ஓலைக்கொட்டகையில் கட்டையைத் தொங்கவிட்டு, கடையில் வாங்கிய தெளிப்பு லாக்கரை மூன்று கை அடித்தோம். மறுநாள் காலையில் நீலத்தின்மேல் வெண்ணிற மூட்டம் படர்ந்திருந்தது. அங்கங்கே மீன்கண் போன்ற குழிகள். தெருக்கோடியில் மரச்சாமான்களுக்குப் பாலிஷ் போடும் பெரியவரை அழைத்துவந்து காட்டினோம். அவர் விரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, "மழைக்காலத்துல யாராவது லாக்கர் அடிப்பாங்களா தம்பி?" என்றார்.

காரணத்தைப் பிறகு விளங்கிக்கொண்டோம். லாக்கரில் உள்ள கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது; ஈரக்காற்றில் அந்தக் குளிர்ச்சியில் நீர் படிந்து பூச்சுக்குள் சிக்கிக்கொள்கிறது. மூட்டம் என்பது அந்த நீர். மீன்கண் குழிகளுக்குக் காரணம் முந்தைய உரிமையாளர் ஆண்டுக்கணக்கில் தேய்த்திருந்த சிலிக்கோன் கலந்த மெருகு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டால் எல்லாம் போய்விடும் என்று நாங்கள் நினைத்தோம்; முதலில் தக்க கரைப்பானால் துடைத்தெடுக்காவிட்டால் உப்புத்தாள் அதைப் பரப்பத்தான் செய்யும்.

ஆனால் உண்மையான பிழை கண்ணுக்குத் தெரிந்ததன்று. வெளிப்புறத்தைச் சரிசெய்து மீண்டும் நீலம் பூசியபோது, கட்டையின் உள்ளே இரும்பு அமரும் படுகைக்கும் சேர்த்துப் பூசிவிட்டோம். முழுமையாக இருக்கட்டும் என்ற ஆசை. பூச்சின் ஒவ்வொரு படலமும் மயிரிழைக்கும் மெலிதுதான். நாலைந்து படலங்கள் சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டரில் பத்திலொரு பங்கையும் தாண்டிவிடும். அது மரம்போல உறுதியானதும் அன்று. திருகை முறுக்கும்போது இறுக்கமாகத் தோன்றும். நாள்பட அழுத்தத்தில் நசுங்கி விலகும், திருகு தளரும். இரும்பு மரத்துக்குள் அசையத் தொடங்கும்.

அந்த மாதம் நடந்த போட்டியில் அவளுடைய குண்டுகள் அட்டையில் சிதறின. முந்தைய ஆண்டைவிடக் குறைந்த புள்ளிகள். நீலத் துப்பாக்கியை எல்லோரும் அழகாயிருக்கிறது என்றார்கள். அவள் வீட்டுக்கு வந்து, "இவ்வளவு நல்லா செஞ்சு குடுத்தீங்க மாமா, என் கைதான் சரியில்ல" என்றாள்.

* * *

சுடுதலில் நெடுங்காலம் ஈடுபட்டு ஓய்வுபெற்ற முதியவர் ஒருவரிடம் பிறகு போனோம். அவர் நீலத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. குண்டில்லாத் துப்பாக்கியை அவள் கையில் கொடுத்து, இலக்கைப் பார்த்து நிற்கச் சொன்னார். "கண்ணை மூடும்மா. ரெண்டு மூச்சு விடு. உடம்பைத் தளர்த்து. இப்ப திற. எங்க நிக்குது?" குறி இலக்கைவிட்டு வலப்பக்கம் கீழே போயிருந்தது. மூன்று முறை செய்தார், மூன்று முறையும் அப்படியே.

உடம்பு தன்போக்கில் நிற்கும்போது குழல் எங்கே நோக்குகிறதோ அதுவே அந்த உடம்புக்கு இயல்பான குறி. அதற்கும் இலக்குக்கும் உள்ள இடைவெளியைத் தசைகள்தாம் ஒவ்வொரு முறையும் இழுத்து நிரப்புகின்றன. பத்து முறை இழுக்கலாம். அறுபது முறை இழுத்தால் தசை நடுங்கும். பாதங்களைச் சற்றுத் திருப்பி வைத்தால் இடைவெளியில் ஒரு பகுதி தீரும். எஞ்சியதைத் தீர்க்கவேண்டியது கட்டை. மன ஒருமை இல்லை என்று அவளுக்குச் சொல்லப்பட்ட நடுக்கத்தின் பெரும்பங்கு இந்த இழுபறிதான்.

அவர் அளந்து காட்டிய ஒவ்வொன்றும் எங்களுக்குப் பாடமாயிற்று. முதலாவது, விசைக்கும் தோளில் அமரும் தட்டுக்கும் இடைப்பட்ட நீளம். அது கூடுதலாக இருந்ததால் அவள் தோளைப் பின்னுக்கு இழுத்து, கழுத்தை முன்னுக்கு நீட்டி நின்றாள். தட்டுக்குப் பின்னிருந்த இடைத்தகடுகளை எடுத்ததும் அந்த நீட்டல் போயிற்று. இரண்டாவது, கன்னத்தாங்கி. தலையின் எடையை அதன்மேல் முழுதும் விட்டுவிட்டால், கண் தேடாமலேயே பின்குறியின் துளைவழி பார்க்கவேண்டும். அவளுக்கு அது ஆறு மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தது. "குட்டைக் கழுத்து" என்று அவள் நம்பியது இந்த ஆறு மில்லிமீட்டரைத்தான்.

மூன்றாவது, முன்கட்டை. நின்று சுடுகையில் இடக்கையின் முழங்கை இடுப்பெலும்பின்மேல் ஊன்றி நிற்க, கை ஒரு தூணாகிறது. தூண் குட்டையாயிருந்தால் இடுப்பை வளைத்துத் துப்பாக்கியை உயர்த்தவேண்டியிருக்கும். முன்கட்டையின் அடியில் ஒரு மரத்துண்டு சேர்த்து அந்த உயரத்தை நிரப்பினோம்.

நான்காவது கைப்பிடி. மணிக்கட்டு வலியின் ஊற்று இதுதான். பெரிய கைக்குச் செதுக்கிய பிடி அது. அவள் விசையை எட்டுவதற்காக மணிக்கட்டை முறுக்கினாள். சுட்டுவிரலின் பக்கவாட்டு மரத்தில் உரசி விசையை நேராகப் பின்னோக்கி இழுக்க விடாமல் தடுத்தது. பிடியின் பின்புறத்தைச் சீவி மெலிதாக்கினோம். உள்ளங்கையில் வெற்றிடம் இருந்த இடத்தில், வீட்டில் குழாய் ஒழுகினால் அடைப்போமே, அந்த எம்-சீலைப் பிசைந்து அப்பினோம். மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, அவளை இயல்பாகப் பிடிக்கச் சொல்லி அப்படியே பதிவெடுத்தோம். இறுகியபின் அரம், பிறகு உப்புத்தாள். விரல் உரசும் இடத்தில் இரண்டு மில்லிமீட்டர் மரம் போனது. கூட்டிய ஒவ்வொன்றும் எடையிலும் ஏறும். இறுதியில் தராசில் வைத்து 5.5 கிலோவுக்குள் நிற்கிறதா என்றும் பார்த்தோம்.

படுகையில் இருந்த நீலத்தை முழுதும் சுரண்டி எடுத்தோம். இரும்பு மீண்டும் மரத்தின்மேல் அமர்ந்தது. காற்றுத் துப்பாக்கியில் அதிர்வு குறைவென்பதால் எங்கள் பிழை இந்த அளவோடு தப்பியது. 50 மீட்டர் துப்பாக்கியில் வெடிமருந்தின் அதிர்ச்சியை ஒவ்வொரு முறையும் படுகைதான் வாங்குகிறது. அங்கே இதே பிழை இன்னும் கடுமையாகத் தண்டிக்கும்.

அவள் வாகை சூடினாள் என்று எழுதி இதை முடித்தால் படிப்பதற்கு நன்றாயிருக்கும். அப்படி எதுவும் நடக்கவில்லை. மணிக்கட்டு வலி நின்றது. புள்ளிகள் மெல்ல ஏறின. கழுத்தைப் பற்றிய பேச்சு நின்றது. எங்களுக்கு அந்த மூன்றாவதே பெரிது.

* * *

இனி எதிர்க்கட்சிகளின் வாதங்களுக்கு வருவோம்.

விற்பனை விலை குறையும் என்பது முதல் வாதம். உண்மைதான், வேறொருவர் கைக்குச் செதுக்கிய பிடியை எவரும் முழு விலைக்கு வாங்கமாட்டார். ஆனால் கருவியை நாளை வாங்கப்போகும் முகமறியாத ஒருவருக்காக, இன்று அதைத் தாங்கி நிற்கும் குழந்தை மணிக்கட்டை முறுக்கிக்கொள்ள வேண்டுமென்பது என்ன கணக்கு? பயிற்சியிடங்களில் ஒரே துப்பாக்கியைப் பல பிள்ளைகள் முறைவைத்துச் சுடுகிறார்கள் என்பதும் எங்களுக்குத் தெரியும். அங்கே செதுக்கல் ஆகாது. ஆயினும் கன்னத்தாங்கியையும் தோள்தட்டையும் நகர்த்தலாமே! ஒவ்வொருவருக்குமான அளவை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்து, முறை மாறும்போது மாற்றிக்கொள்ள ஐந்து நிமிடம் போதும். அதையும் "தொடாதே" என்று தடுப்பது சோம்பல். பெயர் மட்டும் ஒழுங்கு.

இந்தக் கருவிகளைச் செய்பவர்களே கட்டையைத் தொடக்கூடாத ஒன்றாகக் கருதவில்லை. ஜெர்மனியில் உல்ம் நகரத்துத் தொழிற்கூடங்கள் இத்துறையில் பெயர்பெற்றவை. 1856இல் தொடங்கப்பட்ட அன்சுட்ஸ் நிறுவனம் இரண்டாம் உலகப் போருக்குப்பின் அங்கேதான் மறுபடி எழுந்தது. அத்தகைய கூடங்களிலிருந்து வரும் இன்றைய போட்டித் துப்பாக்கிகளைப் பார்த்தால், மேலும் கீழும் முன்னும் பின்னும் நகரும் தாங்கிகளும் தட்டுகளுமாகவே இருக்கின்றன. கைப்பிடிகள் கையளவுக்கேற்ப வெவ்வேறாக வருகின்றன. ஓர் அளவு எல்லார்க்கும் பொருந்தாது என்று செய்தவரே ஒப்புக்கொண்டபின், அதைக் கையில் வாங்கிய நாம் எதற்குத் தயங்குகிறோம்?

இரண்டாவது வாதம் மரத்தின் தூய்மை பற்றியது. மரத்துக்கு வண்ணம் பூசுவது பாவம் என்பார்கள். இதில் எங்களுக்குப் பாதி உடன்பாடு. காஷ்மீரத்துச் செதுக்குவேலைக்குப் பேர்போன அக்ரூட் மரம் போன்ற ஒன்று, அழகிய வரியோடியதாகக் கிடைத்தால் அதன்மேல் நீலம் பூசுபவரை நாங்களும் மன்னிக்கமாட்டோம். அதற்கு ஆளிவிதை எண்ணெயே தகும்: மெல்லிய படலமாகத் தேய்த்து, உலரவிட்டு, மறுபடி தேய்த்து, நாள்கணக்கில். (எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்துவிடாதீர்கள், அது தானாகவே தீப்பற்றும். விரித்துத் திறந்தவெளியில் உலர்த்துங்கள்.) ஆனால் பீச் மரம் பெரும்பாலும் வரியற்றது, வெளிறியது. அதற்கு வண்ணம் பூசுவதில் இழப்பு ஏதுமில்லை. மரத்தை மெல்லிய ஏடுகளாக்கிச் சாயம் தோய்த்து ஒட்டிச் செய்யும் அடுக்குக் கட்டைகளில் வண்ணம் ஏட்டுக்குள்ளேயே ஊறியிருப்பதால், வளைவுகளைச் செதுக்கும்போது நிலப்படத்தின் உயரக்கோடுகள்போல நிறவரிகள் வெளிப்படுகின்றன. தனி மரத்தைவிட அவை ஈரத்தில் குறைவாகவே வளைகின்றன. அலுமினியக் கட்டைகளோ மர விவாதத்தையே கடந்து போய்விட்டன.

மூன்றாவது வாதம்தான் நாம் தொடங்கிய இடம்: அலங்காரம் வீண் பெருமை என்பது. பூச்சு வெறும் அலங்காரமன்று என்பதை முதலில் சொல்லவேண்டும். மரம் காற்றின் ஈரத்தைக் குடித்து நாரின் குறுக்கே உப்புகிறது, வறட்சியில் சுருங்குகிறது. கடலோரத்து ஊரில் பூச்சில்லாத கட்டை மழைக்கு ஓர் அளவும் வெயிலுக்கு ஓர் அளவுமாக இருக்கும். அரக்கு மெருகு அழகானது. வியர்வைக் கைக்கும் நம் ஊர் ஈரத்துக்கும் தாங்காது, வெளுத்துப்போகும். இரண்டு பாகமாகக் கலந்து அடிக்கும் பாலியூரித்தேன் தாங்கும். ஆனால் அதன் ஆவி நுரையீரலுக்குத் தீங்கு. தக்க முகமூடியின்றி, துணியைக் கட்டிக்கொண்டு அடிக்கலாகாது. பழகியவரிடம் கொடுப்பது நன்று.

வண்ணத்தின் மற்றொரு பயன் எந்த அளவுகோலுக்கும் அகப்படாது. எங்கள் பெண்ணின் கட்டை இப்போது நீலமன்று. எல்லா வேலையும் முடிந்தபின், "என்ன நிறம் வேணும்?" என்று முதன்முறையாக அவளையே கேட்டோம். முன்பு நாங்களே தீர்மானித்தோம். அவளுக்கு நீலம் பிடிக்கும் என்பது எட்டு வயதில் அவள் சொன்னது. அவள் கேட்டது செங்கல் நிறம், பளபளப்பில்லாமல். மழை ஓய்ந்து, தை மாதத்து வறண்ட காலை வரும்வரை காத்திருந்தோம். மரத்தை ஈரத்துணியால் துடைத்து நாரை எழுப்பி, உலர்ந்தபின் உப்புத்தாளால் நாரின் போக்கிலேயே தேய்த்தோம். ப்ரைமர், தேய்ப்பு, வண்ணம், தேய்ப்பு. படுகைக்கும் திருகுத் துளைகளுக்கும் தாள் ஒட்டி மறைத்தோம். கைப்பிடியை மட்டும் பூசாமல் எண்ணெயிட்டு விட்டோம். அது அவள் கை பட்டுக் கறுத்து வருகிறது.

கடைசிப் பூச்சை அடித்தவள் அவளே. பாலிஷ் போடும் பெரியவர் பக்கத்தில் நின்று, "கையை நிறுத்தாத பாப்பா, ஓட்டிக்கிட்டே இரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

* * *

எனவே எங்கள் கருத்து இதுதான். கட்டையை மாற்றுங்கள், தயங்காதீர்கள்; ஆனால் வரிசையை மாற்றாதீர்கள். முதலில் உடம்பை அளக்கவேண்டும். அடுத்து மரத்தைத் திருத்தவேண்டும். திருத்தியதைக் கொண்டு சில வாரங்கள் சுட்டுப் பார்த்து மீண்டும் திருத்தவேண்டும். வண்ணம் கடைசியில் வரட்டும், அதையும் உரியவரே தேர்ந்தெடுக்கட்டும். நாங்கள் தலைகீழாகச் செய்தோம். அதற்கு விலை கொடுத்தவள் வேறொருத்தி.

ஔவையின் பாடலுக்குத் திரும்புவோம். கொல்லனிடம் கிடக்கும் வேல்களை நாம் போரின் சான்றாக மட்டுமே படித்திருக்கிறோம். உடைந்ததைச் செப்பம் செய்யும் இடம் அது. அடுத்த முறை எடுப்பவனின் கைக்கு அது பொருந்துமாறு கொல்லன் காம்பை இழைத்துச் சரிபார்த்திருப்பான் என்று எண்ணிப் பார்க்க எங்களுக்குப் பிடித்திருக்கிறது. பாடலில் அது இல்லை, எங்கள் கற்பனைதான். தொண்டைமானின் வேல்கள்மீது எங்களுக்குள்ள குறை அவை அழகாயிருப்பது அன்று. கொல்லனிடம் போகாமலேயே அலங்காரத்துக்குப் போய்விட்டன என்பதுதான். எங்கள் நீலத் துப்பாக்கியைப் போல.

இசைக்கருவி, தறி, எழுதுமேசை, தையல் இயந்திரம் என்று வேறு கருவிகளோடு வாழும் நண்பர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். உங்கள் வீட்டிலும் எவரேனும் ஒரு பிள்ளை "என் கை சரியில்லை" என்று சொல்லிக்கொண்டிருக்கக்கூடும். கையைப் பார்க்குமுன் கருவியை ஒருமுறை அளந்து பாருங்கள்.